பழக்கடை அண்ணாச்சிக்கு, பினாங்கிலிருந்து

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். ஆப்பிள் கேட்டு வருகிறவரிடம் "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று நீங்கள் விசாரிப்பது நம் தெருவுக்கே தெரிந்த பழக்கம். அதைக் கிண்டல் என்று சொல்ல மாட்டேன், வியாபார அறிவு. நம் ஊரில் பழம் ஆஸ்பத்திரிக்குப் போகும், நிச்சயதார்த்தத் தட்டில் ஏறும், சாமிக்குப் படைக்கப்படும். ஆசைப்பட்டு உட்கார்ந்து தின்பது என்றால் மாம்பழம், பலா, அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் பினாங்கில் அப்படி இல்லை. இங்கே வேலை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பிப்போய், சாலையோர பெஞ்சில் அமர்ந்து, பழத்தையே சாப்பாடாகத் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

பினாங்குத் தீவு பெரிதல்ல. ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரோடு வைத்துப் பார்த்தால் சிறியதுதான். கிழக்கே ஜார்ஜ் டவுன், அடுக்குமாடிகள், பாலம், நெரிசல். நடுவில் மலை. அதைத் தாண்டி மேற்கே இறங்கினால் பாலிக் பூலாவ். வயல், மீன்பிடிப் படகு, மலைச்சரிவு முழுக்கப் பழத்தோட்டம். பஸ்ஸில் வளைந்து வளைந்து போகும்போதே ஜன்னல் வழியாக வாசனை வந்துவிடுகிறது. நாற்றம் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆம், துரியன்தான். உங்களுக்குப் புதிதல்ல. குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூறுபோட்டு விற்பதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆனால் அங்கே அது மருந்துப் பழம். குழந்தை வேண்டுகிறவர்கள் தயங்கித் தயங்கி விலை கேட்டு, செய்தித்தாளில் சுற்றி, யாரும் பார்க்காமல் எடுத்துப் போவார்கள். அதன் ருசியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இங்கே ருசியைத் தவிர வேறு எதையும் யாரும் பேசுவதில்லை.

மலேசியாவில் துரியனைப் பறிப்பதில்லை, அண்ணாச்சி. தானாக விழ வேண்டும். மரத்தடியில் வலை கட்டி வைக்கிறார்கள். இரவில் விழுந்ததைக் காலையில் பொறுக்கி, அன்றைக்கே கடைக்குக் கொண்டுவருகிறார்கள். அதன் பூவும் இரவில்தான் மலரும். தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தம் சுமக்கின்றன. விழுந்த பழத்துக்கு ஆயுள் குறைவு. ஓரிரு நாளில் சுளை தளர்ந்து புளிப்பேறிவிடும். அதனால் இங்கே யாரும் "எந்த ஊர்ப் பழம்?" என்பதோடு நிறுத்துவதில்லை. "எப்போது விழுந்தது?" என்று கேட்கிறார்கள். செயற்கையாகப் பழுக்கவைத்த பழங்களோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை புரியும்.

நான் போன கடையில் விற்றவர் ஒரு சீனப் பெரியவர். பழத்தைக் காம்போடு தூக்கிக் காதருகில் வைத்து மெல்ல ஆட்டினார். உள்ளே சுளை அசைகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டார். அடிப்பக்கம் முகர்ந்தார். இரண்டைத் தள்ளி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார். முள்ளுக்கு நடுவில் ஓடும் கோட்டைக் கண்டுபிடித்துக் கத்தி முனையைச் செருகி ஒரு திருகு. ஓடு பிளந்தது. சுளையை விரலால் தொட்டுப் பார்த்து, முகம் சுளித்து, அதையும் ஒதுக்கிவிட்டு வேறொன்றை வெட்டினார். திறந்து பார்த்துச் சரியில்லை என்றால் காசு நம்முடையதல்ல, அவருடையது. தர்பூசணியில் முக்கோணம் வெட்டிக் காட்டும் நம் வியாபாரிகள் இந்த அளவுக்கு வருவார்களா தெரியவில்லை.

அடுத்த பெஞ்சில் ஒரு தமிழர் இருந்தார், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். என் தடுமாற்றத்தைப் பார்த்துப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். "முதலில் இனிப்பைத் தின்னுங்கள். கசப்பைக் கடைசிக்கு வையுங்கள். மாற்றினால் இனிப்பு செத்துவிடும்." வகைகளுக்கு அரசுப் பதிவு எண்ணே இருக்கிறது. ஆங் ஹே என்பது டி175. செம்மஞ்சள் சுளை, பினாங்குக்காரர்கள் உயிரை விடும் ரகம். வெளிநாடுகளில் பேர் வாங்கிய மூசாங் கிங் டி197. அவர் எனக்கு வாங்கித் தந்தது இரண்டும் இல்லை, பெயரில்லாத நாட்டுமரத்துப் பழம். வயதான மரமாம். சுளை வெளிறிக் கிடந்தது. வாயில் போட்டதும் வெண்ணெயாய்ப் பரவி, தித்திப்பு அடங்கும் நேரத்தில் மெல்லிய கசப்பு மேலே வந்து நாக்கின் அடியில் நின்றது. தின்று முடித்ததும் காலி ஓட்டில் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார். சூடு தணியுமாம். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் ஒத்துக்கொள்ளும் வைத்தியம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

கூடவே மங்குஸ்தான் தின்ன வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். துரியன் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி. அடியில் உள்ள பூவில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை என்று நீங்கள் சொல்லித்தந்ததை நான் பெருமையாக எடுத்துவிட்டேன். கடைக்காரப் பெரியவருக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் ஒன்றைக் கூடுதலாகத் தந்தார். பல ஓட்டல்களில் துரியனை நாற்றத்துக்காகத் தடுக்கிறார்கள் என்பது தெரியும். மங்குஸ்தானையும் சில இடங்களில் தடுக்கிறார்கள், தோலின் சாறு படுக்கை விரிப்பில் பட்டால் கறை போகாது என்பதால்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லங்சாட் கொத்துக் கொத்தாக வருகிறது. உரித்தால் கண்ணாடிச் சுளை, தவறிக் கொட்டையைக் கடித்தால் வேம்பு தோற்கும். செம்படாக் நம் பலாவின் பங்காளி. சுளையைக் கொட்டையோடு மாவில் தோய்த்து, வாழைக்காய் பஜ்ஜி போல எண்ணெயில் பொரிக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, நடுவில் தேன், உள்ளே வெந்த கொட்டை. மழை பெய்யும் நான்கு மணிக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம்.

ஜாதிக்காயைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் கொட்டையாகத்தான் எனக்கு அதைத் தெரியும். இங்கே மரத்திலேயே பார்த்தேன். வெளிர்மஞ்சள் காய் தானாக வெடித்து, உள்ளே பளபளக்கும் கரும்பழுப்பு விதை. அதன்மேல் இரத்தச் சிவப்பில் வலை பின்னியதுபோல ஜாதிபத்திரி. கிழக்கிந்தியக் கம்பெனி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. ஜாதிக்காய் வியாபாரத்தில் டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைக்கத்தான். கம்பெனிக்கு வேண்டியது விதையும் பத்திரியும். ஊர்க்காரர்கள் சதையையும் விடவில்லை. சர்க்கரையில் ஊறவைக்கிறார்கள், காயவைக்கிறார்கள், சாறெடுத்து ஐஸ் போட்டுத் தருகிறார்கள். ஜார்ஜ் டவுனின் சௌராஸ்டா சந்தையில் கடைகடையாக அடுக்கியிருக்கிறது. காய்ந்த வகையில் உங்களுக்கு ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். துரியனைக் கேட்காதீர்கள், விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

விலை கேட்பீர்கள். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்: இங்கே துரியனைத் தோலோடு எடை போடுகிறார்கள். எடையில் பாதிக்குமேல் முள்ளும் தோலும்தான். யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஏனென்றால் கெட்ட பழத்தின் நஷ்டத்தைக் கடைக்காரர் சுமக்கிறார், உட்கார பெஞ்சும் கைக்கு உறையும் கை கழுவத் தண்ணீரும் தருகிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஜூன் கடைசியில் உங்களுக்குக் குற்றாலத்திலிருந்து மங்குஸ்தானும் ரம்புத்தானும் வரும். இந்த முறை அவற்றைக் கிலோ கணக்கில் கட்டிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சு போடுங்கள். வாழைத்தார் தொங்குகிற இடத்துக்குக் கீழே போதும். அங்கே பைக் நிறுத்துகிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாடி வீட்டு வாடிக்கையாளர்