மூன்றாவது டிஸ்க்

அம்மாடிக்கு,

அப்பாவும் நானும் நலம். அப்பாவுக்கு இந்த மாதம் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கம்பத்து டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. குமுளியில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. தம்பி போன வாரம் வந்து பின்கட்டுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுப் போனான். முன்பெல்லாம் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையேறி வரும் சத்தத்தில்தான் எழுவேன். இப்போது அதற்கும் முன்னாலேயே, மூன்று மணி மூன்றரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அப்பாவை எழுப்பாமல் அடுப்படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பேன். கம்ப்யூட்டர் ஆட்டங்கள் விளையாடுகிற அந்தத் தளத்தில், யார் இப்போது ஆடுகிறார்கள் என்று காட்டும் பட்டியலில் உன் பெயர் பச்சையாக இருக்கும்.

புதன்கிழமை போன் செய்தபோது மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ தூங்குவதாகச் சொன்னார். வியாழனும் அவர்தான் எடுத்தார். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னார். சரி என்று வைத்துவிட்டேன். நீ தூங்கினால் எனக்குச் சந்தோஷம். ராத்திரியில் தூங்கு. வேலைக்குப் போகிற உடம்பு.

பட்டியலில் உன் பெயருக்குக் கீழே க்ரோனோ ட்ரிக்கர் என்று வருகிறது. இருபது நாளாக அதே ஆட்டம்தான். நீ எத்தனையோ தடவை முடித்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 2020-இல் செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் யாரையும் விடாமல் நீ நாலு மாதம் இங்கே இருந்தபோது, உனக்குக் கதை பிடிக்குமே, இதுவும் கதைதான் என்று எனக்கு முதலில் போட்டுத் தந்தது அதைத்தான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த ஆட்டத்தைப் போலக் கட்டுக்கோப்பாகச் சொல்லப்பட்ட கதைகள் குறைவு என்று எந்த மேடையிலும் சொல்வேன். 1995-இல் வந்தது, ஃபைனல் ஃபேன்டசி செய்த சகாகுச்சியும் டிராகன் குவெஸ்ட் செய்த ஹோரியும் படம் வரைந்த தொரியாமாவும் சேர்ந்தது என்று நீ சொல்லித்தான் தெரியும். மூன்று பெரிய கைகள் சேர்ந்த சமையலில் ஒருவர் கை தூக்கலாகத் தெரியும். இதில் அது தெரியவில்லை.

அந்த ஆட்டத்தில் வரும் திருவிழா நினைவிருக்கிறதா? மேஜையில் பொதிச்சோறு மாதிரி ஒன்று இருந்தது. விளையாட்டுத்தானே என்று எடுத்துத் தின்றேன். மோதி விழுந்த பெண்ணைத் தூக்காமல் கீழே கிடந்த பதக்கத்தை முதலில் எடுத்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கோர்ட்டில் நிறுத்தி, யாருடைய சாப்பாட்டைத் தின்றாய், அந்தப் பெண்ணை முதலில் பார்த்தாயா பதக்கத்தைப் பார்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்களே, எனக்குக் கை நடுங்கிவிட்டது. குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தாலும் உள்ளேதான் போடுகிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் யாரும் பார்க்காதபோது செய்தது எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்பதை நான் வகுப்பில் எத்தனை பாட்டு சொல்லிப் புரியவைக்கப் பார்த்தேன்! இந்த ஆட்டம் ஒரு சோற்றுப் பொதியில் புரியவைத்துவிட்டது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. இந்தப் பழைய ஆட்டங்களில் அம்மாவுக்கு ஒரு வீடும் இரண்டு வசனமும்தான். க்ரோனோவின் அம்மா திரைச்சீலையை விலக்கி அவனை எழுப்புகிறாள், அதோடு சரி. கடைசியில் பூனைக்குப் பின்னால் ஓடிக் காலவாசலில் விழுந்து, அவளைத் தேடி அவன் புறப்படுகிறான் என்பது ஒரு ஆறுதல். ஃபைனல் ஃபேன்டசி 7-இல் எல்மைரா, தான் பெறாத பெண்ணை அத்தனை பூவுக்கு நடுவில் வளர்த்தவள். அந்தப் பெண் ஏரிஸிடம் சொல்லாமல் ராத்திரியே போய்விடு என்று கதாநாயகன் கிளவுடிடம் கேட்கிறாள் பார், அந்த ஒரு இடத்துக்காகவே அவளுக்கு இன்னும் பத்துக் காட்சி எழுதியிருக்க வேண்டும். எல்லோரும் அந்த வில்லனைத்தான் செஃபிராத், செஃபிராத் என்கிறார்கள். எனக்கு அவனிடம் முடியையும் வாளையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிளவுடோடு கூடவே வருகிற பாரெட்தான் அந்தக் கதையின் முதுகெலும்பு. மார்லீன் அவன் பெற்ற பிள்ளை இல்லை என்று தெரியவரும்போது அவன் போட்ட கூச்சல் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

நீ தனியாகப் போட்டுத் தந்த எர்த்பவுண்டை இப்போதுதான் பாதி தாண்டியிருக்கிறேன். 1994-இல் ஷிகெசாத்தோ இத்தோய் எழுதியது என்றாய். அதில் அப்பா முகமே வருவதில்லை, போனில் குரல் மட்டும். பாங்கில் பணம் போடுகிறார், நாம் விளையாடியதைச் சேவ் செய்கிறார், ரொம்ப நேரமானால் கொஞ்சம் ஓய்வெடு என்கிறார். நம் மஸ்கட் மாமா மாதிரியே. அந்தப் பையனுக்குப் பாதி வழியில் வீட்டு ஏக்கம் வந்துவிடுகிறது. சண்டைக்கு நடுவில் கையை ஓங்காமல் வீட்டை நினைத்து நின்றுவிடுகிறான். எத்தனை மருந்து கொடுத்தாலும் போகவில்லை, எனக்குப் புரியவும் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, அம்மாவுக்கு ஒரு போன் போட்டால் போதும், சரியாகிவிடுகிறது. தொடக்கத்தில் பிடித்த சாப்பாடு என்ன என்று கேட்ட இடத்தில் நீ ஆப்பம் என்று போட்டு வைத்திருக்கிறாய். அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மா அவனுக்கு ஆப்பம் சுட்டுப் போடுகிறாள். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடுவதை நம்பாதே. ராத்திரியில் தூங்கு.

ஃபால்அவுட் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, இருட்டாக இருக்கிறது. ஆனால் முடிவை மறக்க முடியவில்லை. பாதாளத்துக்குள் வாழும் ஒரு கூட்டத்துக்குத் தண்ணீர் தரும் கருவியில் ஒரு பாகம் கெட்டுவிட்டது, 150 நாளுக்குள் கொண்டுவா என்று ஒருவரை வெளியே அனுப்புகிறார்கள். தண்ணீருக்காக ஒரு மலையையே குடைந்த இடத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு அது புரியாதா? 1895-இல் கட்டிய அணையின் தண்ணீரை நம்பித்தான் கீழே கம்பம் முழுக்க நெல்லும் திராட்சையும். அலைந்து திரிந்து எல்லாம் செய்து வாசலுக்கு வந்தால், நீ மாறிவிட்டாய், உள்ளே இடமில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போய்த் திரும்பி வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிற வீடுகள் உண்டு. நம் வீடு அப்படி இல்லை. இதை உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்தேன். சொன்னதாக நினைவில்லை.

மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் முடிந்துவிட்டதா? கேட்க மறந்துவிட்டேன்.

போன மாதம் இடியோடு கரண்ட் போனது. இந்த லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று, அப்படியே அணைந்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டசியில் சேவ் செய்யாமல் இரண்டு மணி நேரம் விளையாடியிருந்தேன். அத்தனையும் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்து அழுதேன். இரண்டு மணி நேரத்துக்கு. ஆடியதைச் சேர்த்து வைக்கிற உன் பழைய பிளேஸ்டேஷன் கார்டில் இதே ஆட்டம் எண்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. அந்த எண்ணை உன் தோளுக்குப் பின்னால் நின்று நானே படித்திருக்கிறேன்.

அம்மாடி, அந்த மெமரி கார்டு தானாகக் கெடவில்லை.

பிளஸ் டூ அரைப் பரீட்சையில் பிசிக்ஸ் மார்க் வந்த வாரம். நீ ஸ்கூலுக்குப் போன பிறகு அதை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டிப்பெரியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அன்று நன்றாகப் பாடம் நடத்தினேன் என்பதுகூட நினைவிருக்கிறது. சாயந்தரம் நீ கேட்டாய். மழைக்கால ஈரத்தில் வேலை செய்யாமல் போயிருக்கும், தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். நல்லா இருந்ததை எறிஞ்சியா என்று மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் இல்லை என்றேன். நீ அந்த ஏரிஸுக்காக அழுதபோது, ஒரு பொம்மைக்கா இப்படி அழுகிறாய் என்று உன் சித்தி முன்னால் சொன்னவளும் நான்தான். முதல் டிஸ்க் முடிகிற இடத்தில் அந்தப் பெண் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கும்போது செஃபிராத் மேலிருந்து வாளோடு இறங்குகிறானே, எனக்கு வந்தபோது மிஷினை மூடிவிட்டு மூன்று நாள் தொடவில்லை. உனக்கு அப்போது பதினாறு வயது.

மறு வருஷம் அதே பிளேஸ்டேஷனைத் தம்பிக்குக் கொடுத்தேன். மாமாவிடம் சொல்லிப் புதுக் கார்டும் வாங்கிக் கொடுத்தேன். அவன் பத்தாம் வகுப்பில்கூட அதைப் பிடுங்கவில்லை. பையன், கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் படிப்பான் என்று நினைத்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்து என்ட்ரன்ஸுக்குப் படித்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பெண்ணுக்கு எவ்வளவு பொறுப்பு என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். அது பொறுப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. நீ என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாய். சொல்வதையும்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மொட்டைமாடிக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பூக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நான் படியிறங்கிவிட்டேன். அது என்னவென்று நான் இப்போது கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டும்.

க்ரோனோ ட்ரிக்கரில் அவன் தோழி லூக்கா ஒரு ராத்திரி காட்டில் எழுந்து, பத்து வருஷம் பின்னால் போகிறாளே. அவள் அம்மா இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிற நாளுக்கு. அம்மாவின் பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டால் இயந்திரம் நிற்கும். முதல் தடவை எனக்கு நேரத்துக்குள் போட வரவில்லை. அந்த அம்மாவின் கால் போயிற்று. அதற்குமேல் சேவ் செய்துவிட்டால் அதை மறுபடி ஆட முடியாது, முழு ஆட்டத்தையும் திரும்ப ஆரம்பித்தால்தான் உண்டு. நான் திரும்ப ஆரம்பித்தேன்.

அதேபோல உன் ஃபைனல் ஃபேன்டசி 7-ஐயும் முதலிலிருந்து ஆடினேன். பதினொரு மாதம் ஆயிற்று. உன் கார்டில் என்னவெல்லாம் இருந்ததோ, என் நினைவில் இருந்தவரை எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். தங்க நிறச் சோகோபோப் பறவை வேண்டும் என்று நீ வாரக்கணக்கில் குஞ்சு பொரித்தாயே, நானும் பொரித்தேன். அதற்கு ஊட்டுகிற கொட்டைக்காகக் கோப்ளின் தீவில் எத்தனை ராத்திரி! பந்தயத்தில் ஓட்ட என் விரல் ஒத்துழைக்கவில்லை, அந்த ஒன்றை மட்டும் தம்பியை ஓட்டச் சொன்னேன். யாருக்காக என்று அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. தங்கக் குஞ்சு வந்ததும் நீ வைத்த பெயரையே வைத்தேன், சிட்டு. அதில் ஏறிக் கடலைத் தாண்டி அந்த வட்டத் தீவுக்குப் போய், சண்டையில் பதின்மூன்று வீரர்களை வரவழைக்கிற அந்தக் கல்லையும் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது டிஸ்க். கடைசிச் சண்டை நடக்கிற வடக்குப் பள்ளத்துக்கு இறங்கும் முன்னால் நீ நின்ற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கே சேவ் செய்து நிறுத்திவிட்டேன். நான் உள்ளே இறங்கவில்லை, இறங்கவும் மாட்டேன்.

அந்தச் சேவ் இந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. அங்கிருந்து திறக்கும்படி வைக்கலாமா என்று தம்பி கேட்டான், வேண்டாம் என்றேன். மாடி அறையைக் கழுவி வைத்திருக்கிறேன், பழைய மேஜையும் அங்கேதான். பெங்களூரிலிருந்து கம்பம் வரும் பஸ் விடியற்காலையில் வந்துவிடும், அங்கிருந்து முதல் வண்டியில் ஏறினால் அப்பா எழுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். எத்தனை நாளுக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள், அப்பாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

வரும்போது இதற்கு ஒரு பேட்டரி வாங்கி வா. மாடல் எண் அடியில் எழுதியிருக்கிறது, தம்பியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அம்மா