பழைய விலங்குத் தோல்களைக் கழுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும், மலையகத்தின் பழைய பங்களாக்களிலும் சில கோயில்களிலும் நெடுங்காலமாக இருந்துவரும் மரை, புள்ளிமான், சிறுத்தை ஆகியவற்றின் தோல்களை முற்றத்தில் விரித்துத் தடியால் அடித்துத் தூசி போக்குவதையும், சவர்க்காரத் தூள் கரைத்த நீரில் தேய்த்துக் கழுவுவதையும் காண்கிறோம். அருங்காட்சியகப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுபற்றிச் சில விடயங்களைக் கூற விரும்புகிறேன்.

பழைய வேட்டைத் தோல்கள் பல உப்பும் படிகாரமும் கொண்டு பதப்படுத்தப்பட்டவை. படிகாரம் தோலின் நார்களோடு உறுதியாகப் பிணைவதில்லை. தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேறிவிடும். அதன்பின் காயும் தோல் சுருங்கி, பலகைபோல் விறைத்து, மடித்த இடமெல்லாம் வெடிக்கும். பதனிடாமல் உலர்த்தி மட்டும் வைத்த தோலாயின், ஊறியதும் உரோமமே கற்றை கற்றையாகக் கழன்றுவிடும். நேர்வெயிலில் நிறமும் வெளிறும்.

இதைவிடக் கவலைக்குரியது ஆர்செனிக். பூச்சி அரிக்காதிருக்கத் தோலின் உட்புறத்தில் ஆர்செனிக் சவர்க்காரம் பூசும் முறை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. எத்தனை ஆண்டு சென்றாலும் அந்த நஞ்சு வீரியம் இழப்பதில்லை. தலையோடு பாடம் செய்தவற்றில் கண், வாய் ஓரங்களிலும் உரோம அடியிலும் வெண்பொடி தெரிந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை; தெரியாவிட்டாலும் நஞ்சில்லை என்று கொள்ள முடியாது. தடியால் அடிப்பவர் அதைச் சுவாசிக்கிறார். சாதாரண தூசு உறிஞ்சி இயந்திரமும் நுண்தூளை மீண்டும் அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

கையுறையும் நல்ல முகக்கவசமும் அணிந்து, காற்றோட்டமுள்ள நிழலில், உரோமம் படிந்த திசையிலேயே மென்மையான தூரிகையால் நீவுவது போதுமானது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், நுவரெலியா போன்ற இடங்களில் தோலை ஈரச்சுவரில் ஒட்டி மாட்டுவதோ இரும்புப் பெட்டியில் அடைப்பதோ தகாது. வண்டரிப்பு இருந்தால், பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, உணவு வைக்காத உறைகுளிர்ப் பெட்டியில் மறை 18 பாகை செல்சியஸில் இரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் அறைவெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் தோலில் நீர் படியும்.

இவை பழைய தோல்களுக்கு மட்டுமே உரியவை. கம்பிக்கண்ணியில் சிக்கிய சிறுத்தையின் தோலைப் பதப்படுத்தி வைப்பது சட்டப்படி குற்றம். பரம்பரையாக வந்த தோலை வைத்திருப்போரும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் விசாரித்துக்கொள்வது நல்லது. ஆர்செனிக் அபாயம் குறித்துத் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரத்தை அச்சிட்டுத் தோட்ட நிர்வாகங்களுக்கும் கோயில் பரிபாலன சபைகளுக்கும் வழங்குமாறு அத்திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அட்டன்.