கத்தரி வாடலுக்கு ஒரு செடியின் கிருமி போதாது

அன்புள்ள நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். யாழ்ப்பாணத்து இணுவில் தோட்டங்களில் கத்தரி காய்க்கத் தொடங்கும் நேரத்தில் பச்சையாகவே சோர்ந்து விழுகிறது என்று எழுதியிருந்தீர். வெட்டிய தண்டைத் தண்ணீருக்குள் பிடித்தபோது பால்போல நூல் இறங்கியதென்றால் சந்தேகமில்லை, பற்றீரியா வாடல்தான். பியூசேரியம் என்ற பூஞ்சணத்தின் வாடல் என்றால் கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகும், நூல் இறங்காது.

ஆனால் ஒரேயொரு செடியில் எடுத்த கிருமியை வைத்து உம்மிடமுள்ள கத்தரி வகைகள் எல்லாவற்றையும் வாடலைத் தாங்குமா என்று சோதிக்க வேண்டாம். இந்த வாடலைத் தரும் பற்றீரியாவான றல்ஸ்ரோனியாவுக்குள் நான்கு பைலோரைப்புகள், அதாவது மரபுவழிப் பிரிவுகள், உண்டு: முதலாவது ஆசியாவுக்கு உரியது, இரண்டாவது அமெரிக்காவுக்கு, மூன்றாவது ஆபிரிக்காவுக்கு, நான்காவது இந்தோனேசியாவுக்கு. 2014இல் இவற்றை மூன்று தனி இனங்களாகவே பிரித்துவிட்டார்கள். ஒரே பைலோரைப்புக்குள்ளும் ஸ்ரெயினுக்கு ஸ்ரெயின், அதாவது கிருமியின் ஒரு வழிக்கு ஒரு வழி, குணம் மாறும். செடியின் கலத்துக்குள் அவை செலுத்தும் புரதங்கள் வேறு வேறாக இருப்பதே காரணம்.

புகையிலையைப் பாரும். பிரெஞ்சுக் கயானாவில் தக்காளியிலிருந்து எடுத்த ஜி.எம்.ஐ. 1000 என்ற ஸ்ரெயின் தக்காளியைச் சாகடிக்கும். புகையிலையோ அதன் இரண்டு புரதங்களை இனங்கண்டு தப்பிவிடும். அந்தப் புரதங்கள் இல்லாத ஸ்ரெயின் புகையிலையையும் வாட்டும். ஆகவே வாடல் விழுந்த தறையில் புகையிலை வைக்கலாமா என்பதற்கு அங்குள்ள ஸ்ரெயினைப் பார்க்காமல் பதில் இல்லை. வெங்காயம் வைப்பதற்குப் பயமில்லை. மலைநாட்டு உருளைக்கிழங்கைத் தாக்கும் வகை இன்னொன்று. குளிரைத் தாங்கி, கிழங்குக்குள் அறிகுறி காட்டாமல் இருந்து, விதைக்கிழங்கோடு நம் செம்மண்ணுக்கும் வரக்கூடியது. அதையும் உம்முடைய கிருமித் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளும்.

இடத்துக்கு இடம், பயிருக்குப் பயிர் எடுக்க வேண்டும். நில மட்டத்துக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, 70 வீத எதனோலால் துடைத்துத் தோலைச் சீவி, சிறு துண்டைக் கிருமிநீக்கிய நீரில் சில நிமிடம் விடும். அந்த நீரை, கிருமி வளர்க்கும் ரெற்றசோலியம் ஊடகத் தட்டில் கோடிழுத்து 28 பாகை செல்சியசில் இரண்டு நாள் வையும். ஊடகத்துக்கு, லீற்றருக்கு பெப்ரோன் 10 கிராம், கேசீன் ஹைட்ரோலைசேற் 1, குளுக்கோசு 5, ஏகார் 17. ஊடகம் அவித்து ஆறிவரும்போது, ஊற்றுவதற்கு முன், 1 வீத ரெற்றசோலியம் 5 மில்லிலீற்றர்.

தட்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கொலனி, அதாவது கிருமி வளர்ந்த திட்டு, ஓரம் ஒழுங்கில்லாமல், சளிபோல வழிந்து, வெள்ளைக்கு நடுவே இளஞ்சிவப்பாக இருப்பதே வீரியமுள்ளது. சிறிதாக, வட்டமாக, கடுஞ்சிவப்பாக இருப்பது வீரியம் இழந்தது. தட்டிலேயே திரும்பத் திரும்ப வளர்த்தால் நல்லதும் இப்படி மாறிவிடும். அதை ஊற்றிச் சோதித்தால் ஒரு செடியும் வாடாது. உம்முடைய வகைகள் எல்லாம் எதிர்ப்புள்ளவை என்று நம்பிவிடுவீர். எனவே நல்ல கொலனி கண்டவுடனே கிருமிநீக்கிய காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மூடியிறுக்கி, அறை வெப்பத்தில் வையும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்.

எந்தப் பைலோரைப்பு என்று அறிய மல்ரிபிளெக்ஸ் பி.சி.ஆர். போதும்; அது பல டி.என்.ஏ. துண்டுகளை ஒரே தடவையில் பெருக்கிப் பார்க்கும் சோதனை. 280 காரச்சோடி நீளமுள்ள பட்டை எல்லாவற்றுக்கும் வரும். கூடவே 144 என்றால் முதலாவது, 372 இரண்டாவது, 91 மூன்றாவது, 213 நான்காவது. எந்தச் சீனி, அற்ககோலைக் கிருமி பயன்படுத்துகிறது என்று பார்த்துப் பிரிக்கும் பயோவார் என்ற பழைய வகுப்பை மட்டும் நம்பாதீர். பயோவார் 3, 4 இரண்டுமே முதலாம் பைலோரைப்புக்குள் அடங்கும்.

சோதனைக்கு நான்கு வாரக் கன்றுகள், வேரைக் கத்தியால் ஓரமாகக் கீறி, மில்லிலீற்றருக்குப் பத்துக் கோடி கலம் உள்ள கிருமிக் கரைசலை ஊற்றும். ஒவ்வொரு ஸ்ரெயினுக்கும் எளிதில் வாடும் வகையொன்று பக்கத்தில் நிற்க வேண்டும். அது வாடாவிட்டால் அந்த வரிசையை விட்டுவிடும். நான்கு வாரத்தின் பின் வாடாமல் நின்றவற்றின் தண்டையும் வெட்டி ஊடகத்தில் போட்டுப் பாரும். வாடாத செடிக்குள்ளும் கிருமி இருக்கும். இறைப்பு வாய்க்கால் வழியே அது அடுத்த பாத்திக்குப் போகும்.

மண்ணின் அமிலத்தைக் குறைக்கும் டொலமைற் சுண்ணாம்பு போடலாமா என்றும் கேட்டீர். அது மலைநாட்டு அமில மண்ணுக்கான வைத்தியம். நம் சுண்ணக்கல் நிலத்துக்கு வீண் செலவு.

தண்டுகளைக் கடதாசியில் சுற்றி, இடமும் பயிரும் எழுதி, வெட்டிய அன்றே அனுப்பும். பொலித்தீனில் வேண்டாம், அழுகிவிடும்.

அன்புடன்,
உமது நண்பன்