பிலடெல்பியா மாணவர்களுக்கு வாக்குரிமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகரங்களின் அரசுப் பள்ளிகளில் மாணவர் குரல் பற்றிப் பேசுவோர் பிலடெல்பியா மாணவர் சங்கத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டும். 1995-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களே தொடங்கிய இந்த லாப நோக்கற்ற அமைப்பு, 2001-இல் பென்சில்வேனியா மாநில அரசு நகரப் பள்ளிகளின் நிர்வாகத்தைத் தன்வசமாக்கி, அவற்றுள் பலவற்றைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்க முனைந்தபோது, வீதியில் இறங்கி எதிர்த்தது. 2013-இல் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடவும் ஆயிரக்கணக்கான பணியாளர்களை நீக்கவும் நிர்வாகம் முற்பட்டபோதும், மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிப் பேரணி நடத்தினர். செவிலியரும் ஆலோசகரும் இல்லாத பள்ளியில் என்ன நேரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

2018-இல் பள்ளிகள் மீண்டும் நகரக் கல்வி வாரியத்தின் பொறுப்புக்கு வந்தன. வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களோடு இரு மாணவப் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. அண்டை மாநிலமான மேரிலாந்தில், ஆன் அருண்டெல் மாவட்டக் கல்வி வாரியத்தின் மாணவ உறுப்பினர், பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே, முழு வாக்குரிமையுடன் செயல்படுகிறார். அங்கே இயல்வது பிலடெல்பியாவில் இயலாமல் போக நியாயமான காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மதுரை