வீடு திரும்பிய பிறகும் எங்களை விடாதவர்களுக்கு

என் மகளை மனநலப் பிரிவில் சேர்த்தபோது அவளுக்கு 15 வயது. 2021 தொடக்கம், கொரோனா காலம். சேர்த்த நாளுக்குப் பிறகு உள்ளே போய்ப் பார்க்க அனுமதி இல்லை, துணிப்பையை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் இல்லாத அந்த இடத்தில் அவளுடன் இருந்த உங்கள் எல்லோருக்கும் இந்த மடல்.

முதலில் அவளுடைய ஆசிரியைக்கு. ஆன்லைன் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் கேமராவை அணைத்து வைத்திருந்தார்கள், ஆனாலும் இவள் குரல் மாறிவிட்டதைக் கவனித்து எங்களைக் கூப்பிட்டது நீங்கள்தான்.

டாக்டர், சேர்த்த அன்றே என் முன்னால் அவளிடம் "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்டீர்கள். இல்லாத எண்ணத்தை நீங்களே விதைக்கிறீர்களோ என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்பதால் அந்த எண்ணம் வராது, ஏற்கெனவே இருந்தால் வெளியே சொல்ல வழி கிடைக்கும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். அவள் "ஆமாம்" என்றாள். எத்தனை மாதம் அதைத் தனியாகச் சுமந்தாளோ.

செவிலியர் அக்கா, எல்லோரும் முகக்கவசமும் பாதுகாப்பு உடையுமாக ஒரே மாதிரி தெரிந்த வார்டில், நீங்கள் சிரிக்கிற படத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வருவீர்களாம். வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, வீடு திரும்பிய முதல் சில வாரங்களில்தான் ஆபத்து மிக அதிகம் என்று நீங்கள் எச்சரித்திராவிட்டால் அசந்திருப்பேன். மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னீர்கள், வைத்தோம்.

அப்புறம் ஆலோசகர் அம்மா. வீட்டில் எல்லோரும் இருக்கும்போது அவளால் தொலைபேசியில் எப்படி மனம் விட்டுப் பேச முடியும்? அதை எங்களுக்கு முன்பே நீங்கள் புரிந்துகொண்டு, அரை மணி நேரம் எங்களை வெளியே போகச் சொன்னீர்கள், நானும் அவள் அப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்திருப்போம். மனம் இருட்டும்போது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவள் கையாலேயே எழுத வைத்தீர்கள். சந்திப்பு இல்லாத வாரத்திலும் "எப்படி இருக்கிறாய்?" என்று ஒரு செய்தி வரும், பதில் வராவிட்டாலும் அடுத்த வாரம் மறுபடி வரும்.

அந்தத் தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தது, ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. போன மாதம் அவளே புதிதாக எழுதி ஒட்டினாள். உங்கள் எண் இன்னும் அதில் இருக்கிறது.