பாம்பாற்று மீனுக்கு மரபணுச் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறையூர் வழியாகச் சின்னாறு காட்டுக்குள் இறங்கி அமராவதியில் சேரும் பாம்பாற்றின் சிறிய மீன்களைக் கொண்டு ‘டோர் ரெமாதேவி’ என்ற மஹசீர் (கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீன்) இனம் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. காவிரியின் புகழ்பெற்ற திமில் மஹசீரும் இதே இனம்தான் என்பதை, உருவ ஒப்பீட்டோடு மரபணு ஒப்பீட்டையும் சேர்த்து ஆய்வாளர்கள் 2018-இல் நிறுவினர். முதுகில் எழும் திமில் குஞ்சுப் பருவத்தில் தெளிவாகத் தெரியாது என்பதால், கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது கடினம். அதே ஆண்டு இந்த மீன் மிக அருகிவிட்ட இனமாக, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் இடம்பெற்றது.

துடுப்பின் நுனியில் நகக்கண் அளவு நறுக்கி ஆல்கஹாலில் போட்டுவைத்தால் சோதனைக்குப் போதும். மீனை உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடலாம். ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். இனம் பிரிக்கப் பெரிதும் பயன்படும் மைட்டோகாண்டிரிய மரபணு தாய்வழி மட்டுமே வருவதால், கலப்பின மீனும் தாயின் இனமாகவே காட்டப்படும். ஆகவே உட்கருவின் மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

காவிரியில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகி, திமில் மஹசீர் அருகிப்போனதை நாம் கண்டோம். எனவே மலையாறுகளில் குஞ்சு விடுவதற்கு முன், தாய்மீன்களின் மரபணுச் சான்றைக் கேரள, தமிழக மீன்வளத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். தேசிய மீன் மரபணு வளங்கள் பணியகத்துக்குக் கொச்சியிலேயே மையம் இருப்பதால், மாதிரிகளை அனுப்புவதும் எளிது.

இப்படிக்கு,
வாசகர், மறையூர், இடுக்கி மாவட்டம்