திருப்பணி நிறைவு அறிக்கை: பணம் ஏன் மண்ணுக்குள் போனது?

நம் குடிபாட்டு மக்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. குலதெய்வக் கோயில் திருப்பணி முடிந்து குடமுழுக்கும் நல்லபடியாக நடந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கை மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆனால் குடமுழுக்கு அன்றைக்கே மாமன் மச்சான்மார் பல பேர் கேட்டார்கள்: கோபுரத்துக்கு வண்ணம்கூட ஒரே கைதான் அடித்திருக்கிறது, பாதிக்கு மேல் பணம் எங்கே போனது? மண்ணுக்குள் போனது. அதை விவரமாகச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

அர்த்தமண்டபத்து வடக்குச் சுவர் வெடிப்பு உங்களுக்குத் தெரியும். மூன்று தடவை சிமெண்ட் வைத்து அடைத்தோம். ஐப்பசி மழைக்கு மூடிக்கொள்ளும், சித்திரை வெயிலுக்கு விரல் நுழைகிற அளவு திறந்துகொள்ளும். கல் பழசாகிவிட்டது, பிரித்துக் கட்டுங்கள் என்று ஒரு ஒப்பந்தக்காரர் சொன்னார், நாங்களும் முக்கால்வாசி ஒப்புக்கொண்டோம். மண்ணியல் படித்த நம் பங்காளி வீட்டுப் பெண்தான் தடுத்தாள். "கல்லு நல்லாத்தான் இருக்குதுங்க மாமா, கீழே தோண்டிப் பாருங்க" என்றாள்.

தோண்டினால் 9 அடிக்குக் கரிசல், நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்குகிற மண். கோமுகியில் விழுகிற அபிஷேகத் தண்ணீர் வாய்க்கால் உடைந்து சுவரடியிலேயே ஊறிக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கம் வேப்பமரம் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக் காய வைத்திருந்தது. ஒரு பக்கம் உப்பல், ஒரு பக்கம் சுருக்கம், நடுவில் மாட்டியது சுவர்.

கூட்டத்தில் அவள் காட்டிய இரண்டு சோதனையை வராதவர்களுக்காக எழுதுகிறோம். சலித்த மண் 10 கிராம் ஒரு அளவுக் குழாயில் மண்ணெண்ணெயில், இன்னொரு 10 கிராம் தண்ணீரில். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெய்க் குழாயில் மண் அப்படியே இருக்கிறது, தண்ணீர்க் குழாயில் ஏறக்குறைய இரண்டு பங்கு உயரம்! இந்தக் களிமண் தாது வெற்றிலைக்கட்டு மாதிரி ஏடு ஏடாக இருக்குமாம். மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். ஏடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து ஒவ்வொன்றையும் விலக்குகிறது, மண்ணெண்ணெயால் அப்படிப் புக முடியாது.

அப்புறம் பெரம்பலூர் பக்கம் காரையிலிருந்து கொண்டுவந்த, கடலடியில் படிந்து இறுகிய களிக்கட்டி ஒன்று. காய்ந்த நிலையில் கையால் உடைக்க முடியவில்லை. தண்ணீர் டம்ளரில் போட்டதும் குமிழி விட்டது, ஓரம் உதிர்ந்தது, காப்பி குடித்து முடிப்பதற்குள் சேறு. காய்ந்த பாறையின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது, தண்ணீர் நாலா பக்கமும் ஏறும்போது அந்தக் காற்று நடுவில் மாட்டி நசுங்கி, கட்டியை உள்ளிருந்தே பிளக்கிறது. கூடவே களிமண்ணின் பிடிமானமும் நெகிழ்கிறது. நனைந்து நனைந்து காய்வதுதான் இப்படிப்பட்ட பாறைக்கு ரொம்பக் கெடுதல். ஒரே ஈரத்தில் இருந்தால் இவ்வளவு சீக்கிரம் சிதையாது.

1928 மார்ச் 12 நள்ளிரவு வாக்கில் கலிபோர்னியாவில் செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அணையின் மேற்குப் பக்கத்தைத் தாங்கிய செம்பாறைத் துண்டைப் பிறகு தண்ணீரில் போட்டால், அதுவும் இதே மாதிரி கரைந்ததாம். அதைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

சரி, என்ன செய்தோம்? கோமுகித் தண்ணீரைக் குழாயில் பிடித்து வெளியே நந்தவனத்துக்கு விட்டோம். சுவரை ஒட்டிக் கரிசலை எடுத்து, சுண்ணாம்பு கலந்து கெட்டித்தோம். சுண்ணாம்பு சேர்ந்த களி முன்போல உப்பாது. அதன் மேல் கோயிலைச் சுற்றி 6 அடி அகலத்துக்கு வெளிச்சாய்வாகக் கல்தளம். விரிசல் விட்ட உத்திரம் ஒன்றை மட்டும் திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் மாற்றினார்கள். புது மடப்பள்ளிக்கு, அடியில் குமிழ் விட்ட பைல் அடித்தளம் போட்டோம், அதாவது குழி தோண்டி மண்ணுக்குள் இறக்குகிற, அடிப்பக்கம் குமிழ் மாதிரி பருத்த கான்கிரீட் தூண்கள். கரிசலுக்கென்றே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அது. 12 அடி ஆழம் போனது, அந்தக் குழிகளில்தான் உங்கள் காணிக்கையில் பெரும்பகுதி இருக்கிறது. வேப்பமரத்தை வெட்ட மனசு வரவில்லை, வேருக்கும் சுவருக்கும் நடுவே தடுப்புச்சுவர் இறக்கினோம்.

இனி கல்தளத்தை உடைத்துப் பூச்செடி வைக்க வேண்டாம், பைப்பைத் திறந்துவிட்டுப் போக வேண்டாம். பழைய வெடிப்பின் குறுக்கே 3 கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கிறோம், சுவர் அசைந்தால் அது உடையும். பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகைத் தீபத்துக்கு வரும்போது முழுசாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.